ஒருத்தரே நாலஞ்சு வாத்தியம் வாசிக்கிற ப்ளூகிராஸ் கச்சேரிக்கு மொத தடவ போறவங்களுக்கு

அமெரிக்காவுல நம்ம ஆளுங்க நெறைய இருக்குற ஊர் எதுவா இருந்தாலும் சரி, ராலே பக்கமோ பே ஏரியாவோ வாஷிங்டன் டிசி பக்கமோ பாஸ்டனோ, ட்ரைவ் பண்ணிப் போற தூரத்துல ஒரு சின்ன ஹால் இருக்கும், அங்க அப்பப்ப யாராவது ஒருத்தர் ஒரு வேன்ல பேஞ்சோ (தோல் போத்துன வட்ட ஒடம்பும் நீளக் கழுத்தும் உள்ள கம்பி வாத்தியம்), மாண்டலின், பிடில், கிட்டார் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வந்து எறங்கி, ராத்திரி ரெண்டு மணி நேரம் தனியாளா வாசிச்சுப் பாடிட்டு, மறுநாள் காலைல அடுத்த ஊருக்குக் கெளம்பிருவாங்க. இந்த இசைக்குத்தான் ப்ளூகிராஸ்னு பேரு, அமெரிக்க மலைப் பக்கத்து நாட்டுப்புற இசைலேர்ந்து வளந்த கம்பி வாத்திய இசை. நம்மள்ல பல பேருக்கு இப்படி ஒண்ணு நடக்குறதே தெரியாது. தெரிஞ்சாலும் "அது தொப்பி போட்டவங்க பாடுற கன்ட்ரி பாட்டு, நமக்கெதுக்கு"ன்னு விட்டுர்றாங்க. கச்சேரியும் வயலினும் கேட்டு வளந்த காதுக்கு இது ரொம்பப் பக்கத்துல வர்ற இசைன்னு நான் உறுதியா நம்புறேன், அதான் மொத மொத போறவங்களுக்காக இத எழுதுறேன்.

ஒண்ண மட்டும் இப்பவே சொல்லிர்றேன், கீழ வர்றது எல்லாம் அதச் சுத்தித்தான் இருக்கும்: வாசிக்கிறவரோட ரெண்டு கையும் தெரியுற எடத்துல உக்காருங்க. ஹால் தேடுறதுலேர்ந்து எத்தன மணிக்கு வீட்ட விட்டுக் கெளம்புறதுங்கறது வரைக்கும் இத மனசுல வச்சு முடிவு பண்ணாப் போதும்.

கொஞ்சம் பின்னணி

ப்ளூகிராஸ் கேக்க ரொம்பப் பழசா இருக்கும், ஆனா வயசு நூறு கூட ஆகல. கென்டக்கில ரோசின்ங்கற ஊர்ல 1911ல பொறந்த பில் மன்ரோ, மாண்டலின் வாசிக்கிறவரு, ப்ளூ கிராஸ் பாய்ஸ்னு ஒரு பேண்ட் வச்சு 1939ல நாஷ்வில்ல க்ராண்ட் ஓல் ஆப்ரி ரேடியோ நிகழ்ச்சில சேந்தாரு. 1945 கடைசில நார்த் கரோலினாவுலேர்ந்து ஏர்ல் ஸ்க்ரக்ஸ்னு 21 வயசுப் பையன் மூணு வெரலால பேஞ்சோவ மழ மாதிரி பொழிஞ்சுக்கிட்டு அந்த பேண்டுக்குள்ள வந்தாரு, இன்னிக்கு ப்ளூகிராஸ்னு சொன்னதும் காதுல கேக்குற சத்தம் அந்தக் கூட்டணிலதான் முழு உருவத்துக்கு வந்துச்சு.

அதுக்கு அடியில இருக்குற ஃபோக் இசை இன்னும் ரொம்பப் பழசு. ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கத்துலேர்ந்து அப்பலாச்சியன் மலைப் பக்கம் வந்து குடியேறினவங்க பிடில் மெட்டுகளக் கொண்டு வந்தாங்க. பேஞ்சோவோட வேரு மேற்கு ஆப்பிரிக்கா, அடிமையாப் பிடிச்சுக் கொண்டு வரப்பட்ட மக்கள் சொரக்குடுக்கைல தோல் போத்திச் செஞ்ச வாத்தியத்துலேர்ந்து வந்தது அது. ரொம்ப வருஷம் இந்த இசைய வெள்ளக்காரங்களோடதுன்னு மட்டுமே சொல்லி வித்தாங்க, அது தப்பு, அதனால இத அழுத்திச் சொல்றேன். நார்த் கரோலினால க்ரீன்ஸ்போரோக்காரங்க ரியானன் கிடென்ஸ், பேஞ்சோவும் பிடிலும் வாசிச்சுப் பாடுறவங்க, அதே மாநிலத்துல மெபேன்ங்கற ஊர்ல இருந்த ஜோ தாம்சன்ங்கற கறுப்பினப் பெரியவர்கிட்ட உக்காந்து கத்துக்கிட்டு கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ் குழுவ ஆரம்பிச்சு அந்த வரலாற மேடைல திரும்பக் கொண்டு வந்தாங்க. அவங்க கச்சேரி உங்க ஊர்ப் பக்கம் வந்தா யோசிக்காம டிக்கெட் வாங்கிருங்க.

கச்சேரியத் தேடுறது

பெரிய டிக்கெட் சைட்ல தேடாதீங்க, அதுல பெரிய அரங்கம்தான் மொதல்ல வரும். உங்க ஊர்ப் பக்கம் இருக்குற சின்ன ஹாலோட பேரக் கண்டுபிடிச்சு அவங்க மெயிலிங் லிஸ்ட்ல சேந்துக்குங்க, அது போதும். பே ஏரியால பெர்க்லில ஃப்ரெய்ட் அண்ட் சால்வேஜ், 1968லேர்ந்து இருக்கு, இப்ப டவுன்டவுன் பெர்க்லி பார்ட் ரயில் ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே போயிரலாம். பாஸ்டன் பக்கம்னா கேம்ப்ரிட்ஜ்ல க்ளப் பாசிம். நியூயார்க் மாநிலத்துல சாரடோகா ஸ்ப்ரிங்ஸ்ல கஃபே லீனா, 1960ல தொறந்தது. டிசி பக்கம் அலெக்ஸாண்ட்ரியால பர்ச்மியர். நாஷ்வில் போனா ஸ்டேஷன் இன், 1974லேர்ந்து ப்ளூகிராஸ்க்குன்னே இருக்குற எடம்.

இந்த மாதிரி உக்காந்து கேக்குறதுக்குன்னே இருக்குற ஹால லிஸ்னிங் ரூம்னு சொல்வாங்க. பாட்டு நடக்கும்போது யாரும் பேச மாட்டாங்க, நம்ம சபா மாதிரி பாதில எந்திரிச்சுப் போறதும் இருக்காது. மொத தடவ இங்கதான் போகணும்னு சொல்வேன். பார்ல நடக்குற ஷோ வேற மாதிரி, நின்னுக்கிட்டு பியர் குடிச்சுக்கிட்டு கத்திப் பேசிக்கிட்டு இருப்பாங்க, பழகுனவங்களுக்கு அதுவும் ஜாலிதான், ஆனா தனியா ஒருத்தர் பேஞ்சோவ மெதுவாத் தட்டுற சத்தம் அங்க காதுல விழாது. வீட்டுக் கச்சேரின்னு இன்னொண்ணு உண்டு, ஒரு ரசிகர் தன் வீட்டு ஹால்ல முப்பது நாப்பது நாற்காலி போட்டு கலைஞரக் கூப்பிட்டு வச்சிருவாரு, மைக் கூட இருக்காது, நீங்க குடுக்குற பணம் பெரும்பாலும் முழுசா கலைஞர் கைக்கே போகும். அப்படி ஒரு அழைப்பு கெடச்சா விடவே விடாதீங்க.

யாரக் கேக்கறது? டிம் ஓ'ப்ரையன், வெஸ்ட் வர்ஜினியால வீலிங்க்ல 1954ல பொறந்தவரு, கிட்டார், மாண்டலின், பிடில், பேஞ்சோ, பூசூக்கி (கிரேக்க நாட்டு நீளக் கழுத்துக் கம்பி வாத்தியம்) எல்லாம் வாசிப்பாரு, குரலும் அருமை, புதுசா வர்றவங்களுக்கு இவரவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியல. டேரல் ஸ்காட்டும் இதே வகை. பேர் கேள்விப்படாத ஆள் வந்தாலும் பயப்படாதீங்க, ஹாலோட நிகழ்ச்சிப் பட்டியல்ல ஆளோட பேருக்குக் கீழ என்னென்ன வாத்தியம்னு போட்டிருக்கும், மூணுக்கு மேல இருந்தா போய்ப் பாருங்க. சுத்துப்பயணத்துல இருக்கறவங்க வெள்ளி சனிக்குப் பெரிய ஊர்லயும் செவ்வாய் புதனுக்குச் சின்ன ஊர்லயும் வாசிக்கறது வழக்கம், அந்த வாரநாள் கச்சேரில கூட்டம் கம்மி, கலைஞரும் நிதானமா இருப்பாரு.

டிக்கெட், நேரம், சாப்பாடு

லிஸ்னிங் ரூம் டிக்கெட் பெரும்பாலும் 25லேர்ந்து 50 டாலருக்குள்ள வரும். ஹாலோட சொந்த சைட்லயே வாங்குங்க. டிக்கெட்ல ரெண்டு நேரம் போட்டிருக்கும், டோர்ஸ்னு போட்டிருந்தா கதவு தொறக்குற நேரம், ஷோன்னு போட்டிருந்தா பாட்டு ஆரம்பிக்கிற நேரம், பாட்டு சொன்ன நேரத்துக்கே ஆரம்பிச்சிரும், அரை மணி லேட்டாப் போயிக்கலாம்னு நெனைக்காதீங்க. சீட் நம்பர் இல்லாத டிக்கெட்டுன்னா கதவு தொறக்கறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே வரிசைல நின்னுருங்க, எடத்த நம்மதான் பிடிக்கணும்.

சாப்பிட்டுட்டுப் போங்க. சின்ன ஹால்ல காபி, குக்கி, பாப்கார்ன் தாண்டி பெருசா ஒண்ணும் இருக்காது, சைவம்னா இன்னும் கஷ்டம். இட்லி டப்பாவ கார்ல வச்சுட்டு இடைவேளைல வந்து சாப்பிடலாம், உள்ள கொண்டு போக பல எடத்துல விட மாட்டாங்க. கொழந்தைங்களத் தாராளமாக் கூட்டிட்டுப் போலாம், சத்தம் காதக் கிழிக்காது, ஆனா பார் இருக்குற எடம்னா வயசுக் கட்டுப்பாடு இருக்கான்னு முன்னாடியே பாத்துக்குங்க.

எங்க உக்காரணும்

மொத வரிசை வேண்டாம். மேடை ஒசரமா இருந்தா மானிட்டர் ஸ்பீக்கர் மறைக்கும், கழுத்தும் வலிக்கும். மூணாவதுலேர்ந்து அஞ்சாவது வரிசைக்குள்ள, மேடையப் பாத்து உக்காரும்போது நடுவுலேர்ந்து கொஞ்சம் உங்க எடது கைப் பக்கமாத் தள்ளி உக்காருங்க. ஏன்னா வலது கைக்காரர் ஒருத்தர் பேஞ்சோவோ கிட்டாரோ பிடிச்சா வாத்தியத்தோட கழுத்து உங்களுக்கு வலது பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும், கம்பிய மீட்டுற கை உங்களுக்கு எடது பக்கம் வரும், பிடில் வாசிக்கும்போது வில்லு பிடிக்கிற கையும் அதே பக்கம்தான். பேஞ்சோவோட உசுரு அந்த மீட்டுற கைலதான் இருக்கு, அது மறைஞ்சுதுன்னா பாதிக் கச்சேரி போன மாதிரி.

மேடைல ஏற்கனவே எல்லா வாத்தியமும் ஸ்டாண்டுல நிக்கும், ஆள் வர்றதுக்கு முன்னாடி அத ஒரு தடவ நிதானமாப் பாத்து வச்சுக்குங்க. எது எங்க இருக்குன்னு தெரிஞ்சா, அடுத்து அவர் எந்தப் பக்கம் கைய நீட்டுறாருங்கறதுலயே அடுத்த பாட்டோட கொணம் பாதி தெரிஞ்சிரும்.

வாத்தியம் மாறும்போது என்ன பாக்கறது

இதுதான் முக்கியமான பகுதி, பொறுமையாப் படிங்க.

பேஞ்சோல அஞ்சு கம்பி, அதுல ஒண்ணு மட்டும் குட்டையா பாதிக் கழுத்துலேர்ந்தே ஆரம்பிக்கும். அந்தக் குட்டக் கம்பிய கட்டைவிரல் திரும்பத் திரும்பத் தொட்டுக்கிட்டே இருக்கும், மெட்டு எங்க போனாலும் அது ஒரே சுரத்துல நிக்கும், தம்பூரா கேட்டுப் பழகுன நமக்கு அது ஒடனே பிடிபடும். வெரல்ல உலோகத்துல மோதிரம் மாதிரி பிக் (கம்பிய மீட்டுற நகம்) மாட்டிக்கிட்டு கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணும் சுத்தி சுத்தி வந்தா அது ஸ்க்ரக்ஸ் வழி. பிக் இல்லாம கைய நண்டுக் கொடுக்கு மாதிரி வளச்சு நகத்தால கீழ் நோக்கித் தட்டி, கட்டைவிரலால குட்டக் கம்பிய எடுத்தா அது க்ளாஹேமர், ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்த வாசிப்பு முறையோட நேரடி வாரிசு. ரெண்டும் தெரிஞ்ச ஆளா இருந்தா ஒரே கச்சேரில ரெண்டும் வரும், பழைய மலைப் பாட்டுக்கு க்ளாஹேமர், வேகமான ப்ளூகிராஸுக்கு மூணு வெரல்.

பேஞ்சோ எடுத்த ஒடனே சுருதி சேக்க நேரம் எடுக்கும். அதோட குதிர, அதாவது கம்பியத் தாங்குற சின்னக் கட்டை, ஒட்டி வச்சது கெடையாது, கம்பியோட அழுத்தத்துலதான் நிக்குது, லைட் சூடும் ஹால் ஏசியும் சுருதியக் கலைச்சிரும். அந்த நேரத்துல அவர் கதை சொல்வாரு, இந்தப் பாட்ட யார்கிட்ட கத்துக்கிட்டேன், அவர் எந்த ஊர், அவருக்கு யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு. கவனமாக் கேளுங்க, இந்த உலகத்துல பாட்டோட பரம்பரையச் சொல்றது ஒரு மரியாத, நம்ம குரு பேரச் சொல்ற மாதிரியேதான்.

அடுத்து பிடில். நம்ம வயலின்தான், அதே வாத்தியம். நாலு கம்பியும் மேற்கத்திய சுரப் பேர்ல ஜி, டி, ஏ, ஈ. மாண்டலினுக்கும் அதே ஜி, டி, ஏ, ஈதான், ஆனா ஒவ்வொண்ணும் ஜோடிக் கம்பி, மொத்தம் எட்டு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கைல நம்ம பாத்தது ஒத்தக் கம்பியா அஞ்சு வச்ச எலக்ட்ரிக் வாத்தியம், இது தோற்றத்துலயும் சத்தத்துலயும் வேற. இப்ப முக்கியமான விஷயம்: அவர் பிடில வச்சுட்டு மாண்டலின எடுக்கும்போது எடது கையப் பாருங்க, வெரல் விழற எடம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், சுருதி ஒண்ணாச்சே. மாறுறது வலது கைதான். வில்லு ஒரு சுரத்த எவ்வளவு நேரம் வேணாலும் இழுத்து நிறுத்தும், மாண்டலின்ல அடிச்ச சத்தம் ஒடனே செத்துரும், அதனால நீளமான சுரம் வேணும்னா பிக்க (இது வெரலுக்கு நடுவுல பிடிக்கிற சின்னத் தகடு) மேலயும் கீழயும் படபடன்னு அடிச்சு உயிரோட வச்சிருக்கணும். ஒரே மெட்ட ரெண்டுலயும் வாசிச்சுக் காட்டுனாருன்னா அத விட நல்ல பாடம் இல்ல.

பிடில்ல இன்னொண்ணு, நான் ரொம்ப ரசிக்கிறது. பழைய மலைப் பாட்டுகளுக்கு சில பேர் பிடில ஏ, ஈ, ஏ, ஈன்னு மாத்தி சுருதி சேப்பாங்க. அத ச, ப, ச, பன்னு படிச்சுப் பாருங்க. நம்ம கர்நாடக வயலினுக்கு சுருதி சேக்குற அதே முறை! கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தனித்தனியா, சுருதி அதிரணும்ங்கற ஒரே தேவைக்கு ரெண்டு கூட்டமும் ஒரே எடத்துக்கு வந்து சேந்திருக்காங்க. மெட்டு வாசிக்கிற கம்பியோட பக்கத்துக் கம்பியும் கூடவே முழங்குறத அந்தப் பாட்டுல கேக்கலாம்.

கிட்டார் நமக்குப் பழக்கமானது, ஆனா இங்க அத வாசிக்கிற விதம் வேற. நார்த் கரோலினால டீப் கேப்ல பொறந்த டாக் வாட்சன், கொழந்தையா இருக்கும்போதே கண்பார்வை போனவரு, 1950கள்ல பிடில் வாசிக்க ஆள் இல்லாத ஒரு டான்ஸ் பேண்டுல வாசிக்கும்போது பிடில் மெட்டுகள கிட்டார்லயே எடுக்க ஆரம்பிச்சாரு, ஒரே ஒரு பிக்க வச்சுக்கிட்டு அந்த வேகத்துல. அதுவரைக்கும் இந்த இசைல கிட்டார் பெரும்பாலும் பின்னாடி தாளம் போடுற வாத்தியமாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு மேடைல கிட்டார்ல மெட்டு பொரிஞ்சு தள்ளுற எல்லாரும் அவருக்குக் கடன்பட்டவங்க.

மடில படுக்கப் போட்டு, எடது கைல இரும்புக் கட்டைய வச்சு வழுக்கி வழுக்கி வாசிக்கிற ஒரு கிட்டாரும் சில சமயம் வரும், டோப்ரோன்னு சொல்வாங்க. சித்ரவீணை கேட்டவங்களுக்கு அந்தச் சறுக்கல் புதுசா இருக்காது. ஜெர்ரி டக்ளஸ் அதுல மேதை, மோகன வீணை விஸ்வ மோகன் பட் கூட சேந்து ஆல்பமே பண்ணியிருக்காரு.

பாட்டு இல்லாம வெறும் மெட்டு வாசிக்கும்போது வழி தவறாம இருக்க ஒரு குறிப்பு. பெரும்பாலான பிடில் மெட்டுக்கு ரெண்டு பகுதி, மொதப் பகுதி ரெண்டு தடவ, ரெண்டாவது ரெண்டு தடவ, அதோட ஒரு சுத்து முடிஞ்சிரும், திரும்ப மொதல்லேர்ந்து. ரெண்டாவது பகுதி பெரும்பாலும் மேல் ஸ்தாயிக்குப் போகும். மொதச் சுத்துல மெட்ட மனசுல வாங்கிக்குங்க, அப்புறம் ஒவ்வொரு சுத்துலயும் என்ன மாத்துறாருன்னு பாருங்க, கற்பனைய அளக்க அதுதான் வழி.

கை தட்டுறது, கூடப் பாடுறது

ப்ளூகிராஸ் பேண்டுல ட்ரம்ஸ் கெடையாது. நாலு எண்ணிக்கைத் தாளத்துல பேஸ் (ஆள் ஒசரத்துக்கு நிக்கிற பெரிய கம்பி வாத்தியம்) ஒண்ணு, மூணு எண்ணிக்கைல விழும், மாண்டலின் ரெண்டு, நாலுல "சக், சக்"னு வெட்டும். தட்டணும்னா அந்த மாண்டலின் வெட்டோட சேந்து தட்டுங்க, நம்ம பழக்கத்துல மொத எண்ணிக்கைல தட்டுனா கனமா இழுக்குற மாதிரி ஆயிரும். தனியாளா வாசிக்கும்போது அவர் கால் தாளத்தப் பாருங்க, சந்தேகம்னா தட்டாம இருக்கறதே நல்லது, ஒரு ஆள் வாசிக்கிற மெல்லிசான பாட்ட நூறு பேர் தட்டி அமுக்கிரலாம். பேண்டா இருந்தா ஒவ்வொருத்தர் தனியா வாசிச்சு முடிச்சதும் பாட்டு ஓடும்போதே கை தட்டுறது வழக்கம்.

கூடப் பாடச் சொன்னா பாடுங்க. பல்லவி சுலபமா இருக்கும், வெக்கப்படாதீங்க, யாரும் உங்க உச்சரிப்பப் பாக்க மாட்டாங்க. பாட்டோட சங்கதி சாவு, ரயிலு, விட்டுட்டு வந்த வீடு, அம்மா, ஆறு, நிலக்கரிச் சுரங்கம்னு இருக்கும், நடுவுல ஒண்ணு ரெண்டு ஏசு பாட்டும் வரும், அது இந்த இசையோட ஒரு அங்கம், மதக் கூட்டம்னு நெனச்சுக் கலங்க வேண்டாம். வரிகள் வேகமாப் போறதால மொத தடவ முழுசாப் புரியாது, முன்னாடி ஒரு வாரம் அவரோட ஒரு ஆல்பத்தக் கேட்டுட்டுப் போனா பாதிச் சிக்கல் தீந்துரும். வீடியோ எடுக்குறதுக்கு முன்னாடி ஹால்ல கேட்டுக்குங்க, ஃப்ளாஷ் எங்கயுமே கூடாது.

இடைவேளையும் மேஜையும்

பொதுவா ரெண்டு பகுதி, நடுவுல ஒரு இருபது நிமிஷம். வாசல் பக்கம் ஒரு மேஜைல சிடி, எல்பி, டீ ஷர்ட் வச்சிருப்பாங்க, முடிஞ்சதும் கலைஞரே வந்து நிப்பாரு. ஒரு சிடியாவது வாங்குங்க, வீட்ல ப்ளேயர் இல்லாட்டியும் பரவால்ல. ஸ்ட்ரீமிங்ல இவங்களுக்கு வர்றது சொற்பம், பெட்ரோலும் மோட்டல் வாடகையும் இந்த மேஜைலேர்ந்துதான் வருது. பேசத் தயங்காதீங்க. "சூப்பரா இருந்துச்சு"ன்னு சொல்றதோட நிறுத்தாம ஏதாவது ஒரு பாட்டக் குறிப்பா எடுத்து அத யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, பிடில்ல எந்த சுருதி வச்சிருந்தீங்கன்னு கேளுங்க, மொகம் மலந்து பேசுவாங்க. பின்னாடி வரிசை நிக்கும், ரெண்டு நிமிஷத்துல முடிச்சுக்குங்க.

அதுக்கப்புறம்

பிடிச்சுப் போச்சுன்னா திருவிழாவுக்குப் போலாம். நார்த் கரோலினால வில்க்ஸ்போரோல ஏப்ரல் கடைசில மெர்ல்ஃபெஸ்ட், டாக் வாட்சன் தன் மகன் மெர்ல் நெனவா 1988ல ஆரம்பிச்சு வச்சது. சான் ஃப்ரான்சிஸ்கோல கோல்டன் கேட் பார்க்ல அக்டோபர்ல ஹார்ட்லி ஸ்ட்ரிக்ட்லி ப்ளூகிராஸ், டிக்கெட்டே கெடையாது, எல்லாருக்கும் இலவசம். தாழ்வான மடக்கு நாற்காலி, தொப்பி, ஸ்வெட்டர் மூணும் எடுத்துக்குங்க, சாயந்தரம் பனி எறங்குனா நல்லாக் குளுரும்.

வாத்தியம் கைல இருக்கறவங்க ஜாமுக்குப் போய்ப் பாருங்க. வட்டமா உக்காந்து எல்லாரும் சேந்து வாசிக்கறது அது, பல ஊர்ல வாரா வாரம் நடக்கும், நாஷ்வில் ஸ்டேஷன் இன்ல ஞாயித்துக்கிழமை ராத்திரி. மொத நாள் உள்வட்டத்துல உக்காராதீங்க, பின்னாடி நாற்காலி போட்டு கிட்டார்க்காரரோட எடது கையப் பாத்து ஜி, சி, டி கார்டுகள (ஒண்ணா அடிக்கிற சுரக் கூட்டு) மெதுவா அடிங்க, பாதிப் பாட்டு அந்த மூணுலயே ஓடிரும். பாட்ட ஆரம்பிக்கிறவர் எந்த சுருதின்னு மொதல்லயே சொல்லிருவாரு, தனியா வாசிக்க உங்க முறை வரும்போது வேண்டாம்னா தலைய லேசா ஆட்டுனாப் போதும், பக்கத்து ஆளுக்குப் போயிரும், யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. கர்நாடக வயலின் கத்துக்கிட்டவங்க அந்த ஏ, ஈ, ஏ, ஈ சுருதிய வச்சுக்கிட்டுப் போனா வெரலுக்கு வேல ரொம்ப சுலபம், ஏ சுருதில ஒரு பாட்டு வர்ற வரைக்கும் மட்டும் காத்திருக்கணும்.